எச்சரிக்கை: லீவே போடாமல் கிடைத்த பி.எஸ்சி. நர்சிங்

டிப்ளமோ முடித்து வேலையில் இருக்கும் சிஸ்டர்களுக்காக எழுதுகிறேன். "டியூட்டிக்குப் போய்க்கொண்டே ஆன்லைனில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி." (டிப்ளமோ முடித்த நர்சுகள் படிக்கும் பட்டப்படிப்பு) என்று யாராவது அழைத்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 1,15,000 ரூபாய் கட்டிய பிறகுதான் விவரம் தெரிந்துகொண்டேன்.

2014இல் டிஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ வேலை. எனக்குப் பிறகு சேர்ந்த பி.எஸ்சி. பிள்ளைகள் இன்சார்ஜ் ஆகிவிட்டார்கள். அலாரம் அடித்தால் முதலில் மெஷினைப் பார்க்காதே, பேஷன்ட்டைப் பார் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ரெகுலராகப் படிக்க இரண்டு வருடம் வேலையை விட வேண்டும். வீட்டுக் கடனும் எல்கேஜி ஃபீஸும் அதுவரை காத்திருக்குமா?

2022இல் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. அட்மிஷன் கன்சல்டன்சி. பேசியவர் நல்ல தன்மையானவர், வார்த்தைக்கு வார்த்தை சிஸ்டர்தான். ஆன்லைன் என்றால் வார்டு பயிற்சிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "சிஸ்டர், நீங்க தினமும் பார்க்கிற டியூட்டியே உங்க கிளினிக்கல் ஹவர்ஸ்தானே" என்றார். அந்த ஒரு வரியில் விழுந்தேன். எட்டு வருடமாக யாரும் மதிக்காத உழைப்பை ஒருவர் கணக்கில் எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

மொத்தம் 1,20,000, மூன்று தவணை. இன்னொரு சிஸ்டரைச் சேர்த்துவிட்டால் 5,000 குறையும். சேர்த்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் காட்டிய ஆதாரங்களில் எதுவும் முழுப் பொய் இல்லை என்பதுதான் இதில் விஷயம். வட மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் உண்மையாகவே இருந்தது. ஆனால் பல்கலைக்கழகம் பட்டியலில் இருப்பது வேறு, நர்சிங்கை ஆன்லைனில் நடத்த அனுமதி இருப்பது வேறு. யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிகளில், தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாத படிப்புகளோடு நர்சிங்கையும் சேர்த்திருக்கிறார்கள். "இக்னோவிலேயே தபாலில் உண்டே சிஸ்டர்" என்றும் சொன்னார். இக்னோ, அதாவது இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலையில் இருக்கும் செவிலியர்களுக்கு அப்படி ஒரு படிப்பை நடத்தியது நிஜம். ஆனால் அது மூன்று வருடம். நுழைவுத் தேர்வு உண்டு, கவுன்சிலில் செவிலியராகப் பதிவு செய்த பிறகு இரண்டு வருட அனுபவம் வேண்டும், பயிற்சிக்கு நேரில் போயாக வேண்டும். அந்தப் பாதியை அவர் சொல்லவில்லை. நானும் தேடிப் பார்க்கவில்லை.

தேர்வு எப்படி நடந்தது தெரியுமா? கேள்வித்தாள் பிடிஎஃபாக வந்தது. பதினைந்து நாள் அவகாசம். நைட் டியூட்டியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதி கூரியரில் அனுப்பினேன். உள்ளுக்குள் உறுத்தியது. சரி, வேலையில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதில் என் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை.

2024இல் மார்க்‌ஷீட் வந்தது. பளபளவென்று ஹோலோகிராம். ரெகுலர் கோர்ஸ் என்று போட்டு, நான் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு காலேஜின் பெயர் இருந்தது. வீட்டில் கேசரி கிண்டினோம்.

அடுத்த வருடம் வளைகுடா வேலைக்கு முயன்றபோதுதான் எல்லாம் உடைந்தது. அங்கே டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு உண்டு. நாம் கொடுக்கும் சான்றிதழ் உண்மையா என்று அதைக் கொடுத்த இடத்திலேயே நேரடியாகக் கேட்பார்கள். சென்னையில் பேப்பர்களைப் பார்த்த ஏஜென்ட் என் அனுபவச் சான்றிதழையும் மார்க்‌ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் 2022 முதல் 2024 வரை மதுரையில் முழுநேர வேலை. இன்னொன்றில் அதே இரண்டு வருடம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி முழுநேர வகுப்பு, வருகைப்பதிவோடு. "சிஸ்டர், இந்த ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும்" என்றார். பட்டத்தைக் காப்பாற்றப் போனால் பத்து வருட அனுபவத்தின் மீதே சந்தேகம் வரும். டிப்ளமோவை மட்டும் வைத்து விண்ணப்பிக்கச் சொன்னார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் மாநிலவாரியாக இருக்கும் அங்கீகாரப் பட்டியலைத் திறந்தேன். என் மார்க்‌ஷீட்டில் இருக்கும் காலேஜ் அதில் இல்லை. தேட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பி.எஸ்சி.யைக் கூடுதல் தகுதியாகப் பதிய சாந்தோமில் இருக்கும் நம் மாநில கவுன்சிலுக்குப் போக வேண்டும். இந்தப் பேப்பரோடு அந்த வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதுகளில் எங்கேயும் கல்விக் கட்டணம் என்ற சொல்லே இல்லை. "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டு தவணை ஜிபேயில் ஒரு தனிநபர் கணக்குக்குப் போயிருந்தது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். இழுத்தடித்து 20,000 தந்தார்கள். இப்போது அந்த நம்பர் எடுப்பதில்லை.

உங்களிடம் யாராவது இப்படிப் பேசினால் இரண்டே கேள்வி கேளுங்கள். எந்தக் காலேஜ், எந்த ஊர்? அது கவுன்சில் பட்டியலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் சொல்லி மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் என்றால் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியா என்றும் பாருங்கள். "லீவே போட வேண்டாம்" என்று சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். மருந்து கொடுக்கும் முன் பேஷன்ட் பெயரை இரண்டு முறை சரிபார்க்கிறோம். என் 1,15,000த்தை ஒரு முறைகூடச் சரிபார்க்கவில்லை.

நான் சேர்த்துவிட்ட தோழி 80,000 கட்டியிருந்தாள். மாதம் 3,000 அவள் கணக்கில் போட்டுவருகிறேன். அவள் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் நைட்டில் ஒன்றாக டியூட்டி விழுந்தால் ஒரே ஃபிளாஸ்க்கில் டீ குடிப்போம். இப்போது டியூட்டி மாறும்போது ஹேண்ட்ஓவர் மட்டும் பேசுகிறாள்.