கம்பைல் பிழை வந்தால் எது காரணத்தைச் சொல்கிறது? போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட்

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் மாமாவின் தேங்காய் மண்டிக் கணக்கை வைக்க ஒரு பழைய கணினி இருக்கிறது. 2 ஜிபி ராம், டெபியன் லினக்ஸ். பற்று வரவில் தமிழ்ப் பெயர்களும் மலையாளப் பெயர்களும் கலந்தே வரும். வேண்டிய டேட்டாபேஸ் பதிப்புகள் அந்தப் பழைய டெபியனில் தயாராகக் கிடைக்கவில்லை. அதனால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் என்ற மூன்று டேட்டாபேஸ்களையும் சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றிப் பார்த்தேன்.

போஸ்ட்கிரெஸில் தடங்கல் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வந்துவிடும். கணினியில் தேவையானவை இருக்கின்றனவா என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஓடும்போதே 'ரீட்லைன் லைப்ரரி இல்லை' என்று நின்றுவிடும். புதியவர்கள் குழம்புவது இங்கேதான், ஏனென்றால் ரீட்லைன் ஏற்கெனவே கணினியில் இருக்கும். இல்லாதது கம்பைல் செய்யத் தேவையான அதன் ஹெடர் கோப்புகள். டெபியனில் பெயர் 'டெவ்' என்று முடியும் பேக்கேஜையும், ரெட்ஹேட் வகையில் 'டெவெல்' என்று முடிவதையும் போட்டால் சரியாகிவிடும். அடுத்து இசட்லிப் என்ற தரவு சுருக்கும் லைப்ரரிக்கும் இதே கதை. ரீட்லைன் வேண்டாம் என்று சொல்லித் தாண்டவும் வழி உண்டு, ஆனால் பிஎஸ்கியூஎல் என்ற போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையில் மேல் அம்புக்குறியை அழுத்தி முந்தைய கட்டளையை எடுக்க முடியாது. தினமும் கை வைக்கும் இடம் அது.

2023-இல் வந்த 16-ஆம் பதிப்பிலிருந்து ஐசியு என்ற பன்மொழி எழுத்து லைப்ரரியையும் போஸ்ட்கிரெஸ் தானாகவே தேடுகிறது. இதையும் வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்பார்கள். விடாதீர்கள். பெயர்களைத் தமிழ் வரிசையிலோ மலையாள வரிசையிலோ அடுக்க ஐசியு தரும் வரிசைமுறைகள் உண்டு. எல்லையில் இருக்கும் எங்களுக்கு அது வேண்டும்.

காரணம் பிடிபடவில்லை என்றால் கான்ஃபிகர் எழுதி வைக்கும் கான்ஃபிக் டாட் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். கடைசியில் மாறிகளின் நீண்ட பட்டியல் இருக்கும். விஷயம் அதற்கு மேலே. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக்காரர்கள் மட்டும் கம்பைலைத் தொடங்கும் 'மேக்' கட்டளையின் இடத்தில் 'ஜிமேக்' கொடுக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் 8.0 கம்பைலுக்குத் தயார்செய்யும் சிமேக் கருவியைக் கேட்கும். பூஸ்ட் என்ற சி++ லைப்ரரியின் குறிப்பிட்ட பதிப்பும் கேட்கும். சோர்ஸ் இருக்கும் கோப்புறையிலேயே கட்ட விடாது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சாயங்காலம் ஓட விட்டுப் போய், காலையில் வந்து பார்த்தால் 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. நிரலில் தப்பில்லை. ராம் போதாமல் லினக்ஸின் மையமான கெர்னலே கம்பைலரை நிறுத்திவிட்டது. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் தடம் இருந்தது. ஸ்வாப் (ராமுக்குத் துணையான வட்டு இடம்) கூட்டி, ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று சொல்லும் ஜே எண்ணை 1 ஆக்கினால் நகரும், ஆனால் மெதுவாக. ஜே 4 கொடுத்தால் நான்கு வேலைகளின் வரிகளும் கலந்து வரும், கடைசி வரி காரணமாக இருக்காது. மேலே போய் முதல் 'எரர்' வரியைத் தேடுங்கள். விடுபட்ட லைப்ரரியைப் போட்ட பிறகு சிமேக் முந்தைய பதில்களைச் சேமித்து வைக்கும் சிமேக்-கேஷ் கோப்பையும் அழியுங்கள், இல்லாவிட்டால் பழைய பதிலையே அது பிடித்துக்கொண்டிருக்கும்.

எஸ்கியூலைட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2 லட்சம் வரிக்கு மேல் உள்ள ஒரே சி கோப்பு. பழைய ஜிலிப்சியில் (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 'டிஎல்ஓப்பன் கிடைக்கவில்லை' என்று, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் சொன்னால், கட்டளையின் கடைசியில் டிஎல் லைப்ரரியைச் சேர்த்தால் போதும். ஆனால் மண்டியில் இரண்டு மேசையிலிருந்தும் ஒரே நேரத்தில் கணக்கு எழுதுகிறார்கள், அதற்கு இது பொருந்தாது.

மண்டியில் இப்போது ஓடுவது ஐசியுவோடு கட்டிய போஸ்ட்கிரெஸ். மைஎஸ்கியூஎல்தான் வேண்டும் என்பவர்கள், 2 ஜிபி கணினியில் அதைக் கம்பைல் செய்யாமல் தயாரான பேக்கேஜ் கிடைக்கும் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.