.22 போல்ட் றைபிளில் தோட்டா ஏறாமல் சிக்கினால்: முதலில் மகசினைப் பாருங்கள்

குறிசுடும் பயிற்சிக்காக, அனுமதிப்பத்திரத்துடன், திருகோணமலையில் நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவது ஐந்து தோட்டா கொள்ளும் மகசின் (தோட்டாக்கூடு) உடைய .22 போல்ட் றைபிள். குறியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தொல்லை ஒன்றுதான்: போல்டை (கையால் முன்பின் நகர்த்தும் தாழை) முன்னே தள்ளும்போது தோட்டா ஏறாமல், அதன் ஈயமுனை, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் விளிம்பில் முட்டி நின்றுவிடும்.

உடனே அந்த விளிம்பை அராவச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அரத்தை எடுக்காதீர்கள். சுரண்டிய உலோகம் திரும்ப வராது. என்னிடமுள்ள மகசின்களின் அடியில் இலக்கமிட்டு, எதில் சிக்குகிறது என்று குறித்துவந்தேன். பெரும்பாலும் ஒரே மகசின்தான் அகப்பட்டது. தோட்டாவைப் பிடித்துவைக்கும் அதன் மேல் உதடுகளில் ஒன்று சற்று விரிந்திருந்ததால் சன்னம் ஒரு பக்கம் சாய்ந்தே மேலே வந்தது. உதட்டை நெரித்துச் சரிக்கட்டலாம்தான். ஆனாலும் நான் அதை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கினேன். நம்ப முடியாத மகசின் எதற்கு?

நிரப்பும் விதமும் முக்கியம். .22 லோங் றைபிள் தோட்டா 1887இல் வந்தது. பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள் இருப்பதால் அந்த விளிம்பு இன்றும் புடைத்தே நிற்கிறது. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் இரண்டும் கொளுவிக்கொள்ளும். எவ்வளவு தள்ளினாலும் அசையாது.

அடுத்தது எண்ணெய். உப்புக் காற்றுக்குப் பயந்து தாராளமாக ஊற்றுவது இங்கே பலரின் வழக்கம். குழலின் வெளிப்புறத்துக்கு அது சரி, மகசினுக்குள் கூடவே கூடாது. ஈயச் சன்னத்தில் மெழுகு பூசியிருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பறக்கும் தூசு, மெழுகு, எண்ணெய் மூன்றும் குழைந்து பசையாகி, தோட்டாவை மேலே தள்ளும் தட்டை மந்தமாக்கிவிடும். மகசினைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவினால் போதும். போல்ட் முகப்பிலுள்ள கொக்கியின் அடியையும் பழைய பல் பிரஷால் தேயுங்கள். அங்கே கரி அடைந்தால் தோட்டாவின் விளிம்பு வழுக்கி ஏற இடமிருக்காது.

போல்டை முழுதாகப் பின்னிழுக்காவிட்டாலும் அடுத்த தோட்டா அகப்படாது. வீட்டில் சோதிப்பதென்றால் மருந்தில்லாத போலித் தோட்டாவால் மட்டும் சோதியுங்கள். வெற்று அறையில் விசையை இழுத்துப் பார்ப்பதும் நல்லதல்ல: சில துவக்குகளில் ஊசி அறை விளிம்பில் அடித்துப் பிசிறு எழுப்பிவிடும். அதைச் சீராக்குவது அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரின் வேலை.