அகஸ்டஸ் காசா, டைபீரியஸ் காசா: எதை முதலில் வாங்கலாம்?

கோவை, கரூர் வட்டாரப் புதையல்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில், பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் அடித்த இந்த இரண்டும்தான் அதிகம். இரண்டும் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு வகை. கி.பி. 64இல் பேரரசர் நீரோ எடையையும் வெள்ளியையும் குறைப்பதற்கு முன் அடித்தவை என்பதால், அதிகம் தேயாத காசு 3.6 முதல் 3.9 கிராம் நிற்கும். வெள்ளியும் ஏறக்குறைய சுத்தம்.

சின்னங்களுக்காகச் சேர்ப்பவர் அகஸ்டஸ் பக்கம் போகலாம். அதன் பின்பக்கத்தில் நிற்கும் இருவர் காயுஸ், லூசியுஸ். மகள் ஜூலியாவின் பிள்ளைகள், அகஸ்டஸ் தத்தெடுத்த வாரிசுகள். நடுவிலுள்ள கேடயங்களும் ஈட்டிகளும் குதிரைவீரர் வகுப்பார் அவர்களுக்கு வெள்ளியில் செய்து கொடுத்தவை. மேலே ஓர் அகப்பை, ஒரு வளைகோல். அகப்பை பலிச் சடங்கில் மது வார்ப்பது, அர்ச்சகர் குழுவில் இருந்த காயுஸுக்கு உரியது. வளைகோல் பறவைகளைப் பார்த்துக் குறி சொல்பவரின் கோல், அது லூசியுஸுக்கு. முன்பக்கத்தில் ‘நாட்டின் தந்தை’ பட்டம் இருப்பதால் கி.மு. 2க்கு முந்தையதாக இருக்க முடியாது. கி.பி. 2இல் தம்பியும் 4இல் அண்ணனும் இறந்துபோக, அரியணைக்கு வந்தவர் டைபீரியஸ்.

அவருடைய காசில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். ஒரு கையில் நீண்ட கோல், மறுகையில் ஒலிவக் கிளை. அமைதித் தெய்வம் என்பார்கள், தாய் லிவியா என்பார்கள். காசிலோ அவள் பெயர் இல்லை. அந்தப் பக்கத்தில் ‘தலைமை அர்ச்சகர்’ என்ற எழுத்து மட்டும். ‘இராயனுடையதை இராயனுக்கு’ என்ற இயேசுவின் வாக்கில் வரும் காசு இதுதான் என்ற நம்பிக்கை விலையை ஏற்றிவிடுகிறது. நற்செய்தியில் எந்த இராயன், அதாவது எந்த ரோமப் பேரரசர், என்று பெயர் சொல்லவில்லை என்பதை விற்பவர் நினைவூட்ட மாட்டார். நாற்காலிக் காலின் வேலைப்பாடு, அடியிலுள்ள கோடுகள் என்று வகை பிரித்துச் சேர்ப்பவருக்கு மட்டும் இது முந்தும்.

இரண்டிலும் செம்பின் மேல் வெள்ளி போர்த்திய போலிகள் உண்டு. விளிம்பில் பச்சைக் கறை, 3 கிராமுக்கும் குறைந்த எடை இருந்தால் சந்தேகப்படுங்கள். காசை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். காற்றில் உள்ள எடையை, நீரில் குறைந்த எடையால் வகுத்தால் 10.3 அருகில் வரவேண்டும். செம்புக் கரு என்றால் 9 பக்கம் இறங்கும். 0.01 கிராம் தராசு இதற்குப் போதாது: நீரில் குறைவது 0.36 கிராம்தான், ஓர் இலக்கம் பிசகினாலே விடை 0.3 நகரும். 0.001 காட்டும் தராசு வேண்டும். அகஸ்டஸ் காசில் அகப்பையும் வளைகோலும் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வகையைப் பிரிப்பதே அவை இடமா வலமா என்பதுதான்.