ஐஐஎம் நேர்காணல்: கோச்சிங்கா, ஆன்லைன் மாக்கா, பக்கத்து வீட்டு மேனேஜரா?

ஐஐஎம் போன்ற கல்லூரிகளில் எம்பிஏ சேர எழுதும் கேட் தேர்வு நவம்பர் கடைசியில். ரிசல்ட் வந்து, கால் லெட்டரும் வந்தபின் நேர்காணலுக்கு மிஞ்சுவது சில வாரங்கள்தான். போன வருஷம் என் அக்கா மகள் அந்த நெருக்கடியில் இருந்தாள். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம், அப்பாவுக்கு ரப்பர் தோட்டம், இவள் மெக்கானிக்கல் படித்தவள். கோச்சிங் சென்டர், ஆன்லைனில் மாக் (மாதிரி நேர்காணல்), பக்கத்து வீட்டு மேனேஜர் என்று மூன்று வழியையும் முயன்று பார்த்தாள். கூடவே அலைந்தவன் நான்.

சென்னைக்கு ஒரு ராத்திரி ரயில் என்பதால் கோச்சிங்குக்குத் திருவனந்தபுரம் போனோம். மேசைக்கு அந்தப்பக்கம் முன்பின் தெரியாத மூன்று பேர். கதவைத் திறந்து உள்ளே போகும்போது வருகிற நடுக்கம் அங்கேதான் தெளிந்தது. ஆனால் "ஏன் எம்பிஏ?" என்ற கேள்விக்கு அச்சடித்த பதில் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வரிசையில் இருந்த அத்தனை பிள்ளைகளிடமும் அதே தாள்!

ஆன்லைனில் சீனியர்கள் கிடைத்தார்கள். எந்தக் கல்லூரியில் பாடத்தைக் குடைவார்கள், எங்கே விண்ணப்பத்தை வரிவரியாகப் பிடிப்பார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குறை என்னவென்றால், இரண்டாம் நாளே நண்பர்களாகிவிடுகிறார்கள், அப்புறம் யாரும் கடிந்து பேசுவதில்லை. பெரிய லாபம் ரெக்கார்டிங். பதில் வராதபோதெல்லாம் கூரையைப் பார்ப்பதையும், பத்து நிமிஷத்தில் பதினோரு தடவை 'பேசிக்கலி' சொன்னதையும் அவளே பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாமவர் ரிட்டையர்டு வங்கி மேனேஜர். தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்தே தலை நரைத்தவர்.

"மக்களே, அப்பா எந்த கிரேடு ரப்பர் ஷீட் விக்காரு?"

"ஆர்.எஸ்.எஸ். 4, மாமா." புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டில் அது ஒரு தரம்.

"கச்சா எண்ணெய் விலை இறங்கினா அந்த ஷீட்டுக்கு என்ன ஆகும்?"

முழித்தாள். எண்ணெய் மலிந்தால் செயற்கை ரப்பரும் மலியும், டயர் கம்பெனி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்று அவரே விளக்கினார். அடுத்து, "அப்போ விலை ஏறுற வரைக்கும் ஷீட்டை வச்சிருக்கலாமே, அப்பா ஏன் உடனே விக்காரு?" இதற்குப் பதில் எந்த மெட்டீரியலிலும் இல்லை. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், கடையில் பாக்கி, மழை பிடித்தால் ஷீட்டில் பூசணம். நடைமுறை மூலதனம் (தொழிலின் அன்றாடச் செலவுக்குத் தேவையான பணம்) என்று கோச்சிங் குறிப்பில் மனப்பாடம் செய்த சொல் அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

அவரிடமும் வில்லங்கம் உண்டு. நேர்காணலை வினாடிவினா ஆக்கிவிடுவார். திருவள்ளுவர் சிலை எத்தனை அடி, கண்ணாடிப் பாலம் என்று திறந்தது என்று போய்விடும். 133 அடி என்று சொன்னதற்காக யாரும் சீட் கொடுத்துவிடப் போவதில்லை. ஆனால் மலையாளம் பேசுகிறவர்களும் நிறைந்த இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் ஏன் தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்ற கேள்வி வேறு. சொந்த ஊர்க் கதையில் தடுமாறினால் மற்றதெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

என்னைக் கேட்டால் முதல் பத்து நாள் மேனேஜர் மாதிரி ஆள். அவரவர் ஊரில் மீன் ஏலக்காரரோ, தோவாளைப் பூ வியாபாரியோ இருந்தாலும் சரி. அதன்பின் ஆன்லைன். கோச்சிங் சென்டருக்குக் கடைசி வாரத்தில் ஒரே ஒரு தடவை, பயம் தெளிய. பேக்கேஜ் வேண்டாம், ஒற்றை மாக் மட்டும் போதும் என்று கேளுங்கள். எங்களுக்கு முதலில் முடியாது என்றார்கள். எழுந்து வாசல்வரை வந்தபிறகு கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.