கிரவுன் மாற்றிய ஜீப்புக்கு எந்த ஆயில்? 90-ஆ, 140-ஆ?

பழைய மகிந்திரா ஜீப். ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். அதில் 5.38 ரேஷியோவை (சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் பினியன் 5.38 சுற்று) எடுத்துவிட்டு 4.27 போட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலுமே மாற்றினேன். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) திணறி உடைந்துபோகும். ஹைவேயில் அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் கத்தாமல் பேச முடிகிறது. ஆனால் வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "கிரவுனுக்கு என்ன ஆயில் ஊத்தினீங்க?"

80டபிள்யூ-90, ஜிஎல்-5, சாதாரண மினரல் ஆயில். அவ்வளவுதான்.

90, 140 என்பது ஆயிலின் கெட்டித்தன்மை, டபிள்யூ எண் குளிர் தாங்கும் அளவு, ஜிஎல் எண் பல்லின் அழுத்தத்தைத் தாங்கும் தரம். இதில் ஜிஎல்-5 என்பதுதான் முக்கியம். கடையில் போய் "90 ஆயில் கொடுங்க" என்று கேட்டால் பல நேரம் இபி-90 என்று போட்ட ஜிஎல்-4 கேன் கைக்கு வரும். ஹைபாய்டு கிரவுனில் (பினியன் மையத்திலிருந்து விலகி அமைந்த வகை) பல்லும் பல்லும் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டும் போகும். அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் கிழிந்தால் இரும்போடு இரும்பு ஒட்டிப் பிய்யும். அதைத் தடுப்பது ஆயிலில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம். ஜிஎல்-5-ல் அது ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதற்காக மிச்சமிருக்கும் ஜிஎல்-5-ஐக் கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். அங்கே கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையங்கள் பித்தளை, கந்தகம் அதிகமானால் அரித்துவிடும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தான். கேனின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்க எழுத்தைப் படியுங்கள்.

சரி, 90-ஆ 140-ஆ? எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் சொன்னது: "140 ஊத்திடு தம்பி, சத்தமே வராது." லாரிகளோடு காலம் கழித்தவர். சுமை ஏற்றிக்கொண்டு முக்கும் லாரிக்கு அது நியாயம். ஒரு கோடைக்கு நானும் 85டபிள்யூ-140 போட்டு ஓட்டிப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் அமுங்கியது உண்மை. ஆனால் காலையில் நியூட்ரலில் தள்ளினாலே வண்டி கனமாக நகர்ந்தது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஹவுசிங்கைத் தொட்டுப் பார்த்தால் முன்னைவிடச் சூடு. கெட்டியான ஆயிலைக் கடைவதற்கும் சக்தி வேண்டுமே. மீண்டும் 90-க்கே வந்துவிட்டேன்.

புது கிரவுன் ஊளையிட்டால், அதை 140 ஊற்றி அடக்குவது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஊளை, காலை எடுத்தால் மட்டும் ஊளை என்று வந்தால், சிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) செட்டிங்கில் பல் படியும் இடம் தவறியிருக்கலாம். பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிப் படிவைப் பார்க்க வேண்டும். பேக்லாஷை (பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள தளர்வு) டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். கெட்டி ஆயில் சத்தத்தை மூடி வைக்கும். உள்ளே தேய்மானம் அதுபாட்டுக்கு நடக்கும்.

ரேஷியோ மாறியதால் ஆயில் கிரேடும் மாற வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குப் புரியவில்லை. ஆயிலில் முங்கிச் சுற்றுவது கிரவுன் வீல். அது சக்கரத்தின் வேகத்தில்தான் சுற்றும், எந்த ரேஷியோ போட்டாலும். என் மாற்றத்தில் பினியன் மட்டும் முன்னைவிட மெதுவாகச் சுற்றுகிறது. அதிலும் 8 பல் பினியன் போய் 11 பல் பினியன் வந்திருக்கிறது, இன்னும் தடிமன்.

கிரேடைவிடப் பெரிய விஷயம் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது. புதுப் பற்கள் ஒன்றோடொன்று படியும்போது சூடு அதிகம் வரும், பொடியும் உதிரும். முதலில் ஒரு 20 கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, அதையே சில தடவை செய்தேன். முதல் 800 கிலோமீட்டர் வரை சுமையும் இல்லை, மலையும் இல்லை. அப்புறம் ஆயிலை இறக்கினால் வெள்ளி மினுமினுப்போடு கறுப்பாக வந்தது. பிளக் காந்தத்தில் மை போன்ற சாம்பல் பசை இருந்தால் பயப்பட வேண்டாம். சில்லு சில்லாக வந்தால் திறந்து பார்த்தே ஆக வேண்டும். இத்தனை சீக்கிரம் கொட்டப்போகும் ஆயிலுக்கு சிந்தெடிக் வாங்குவது காசைக் கொட்டுவதுதான்.

அந்த ஆயில் மாற்றத்துக்குப் பிறகு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்றி இறக்கியாயிற்று. சத்தத்தில் மாற்றமில்லை.

75டபிள்யூ-90 சிந்தெடிக் நல்ல ஆயில்தான். ஆனால் 75டபிள்யூ என்பது மைனஸ் 40 டிகிரிக் குளிருக்கான தகுதி. 85டபிள்யூவே மைனஸ் 12 வரை தாங்கும். ஊட்டி டிசம்பருக்கே அது தாராளம். லடாக் போகிறவர்கள் யோசிக்கலாம்.

கடைசியாக ஒன்று: பழையதை இறக்கும் முன் மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். இறுகிப்போயிருந்தால், ஆயிலே இல்லாத ஆக்சிலோடு நிற்க வேண்டிவரும். சமதரையில் நிறுத்தி, அந்தத் துளையின் விளிம்பு வரை ஊற்றினால் போதும். பிரீதர் (ஆக்சிலின் காற்றுப் போக்கி) அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி சீல் வழியே ஆயில் கசியும். புது சீல் வாங்கும் முன் அதைச் சுத்தம் செய்யுங்கள். ஓடையில் இறக்கிய வண்டி என்றால் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, வெளுத்திருந்தால் கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.