கைதிக் கப்பலின் கீழ்த்தளம்: கழுவுவதா, உலரத் தேய்ப்பதா?

பிரிட்டன் தன் கைதிகளை நாடுகடத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கப்பல்களில் 6 அடிக்கு 6 அடிப் படுக்கையில் நான்கு பேர். ஆளுக்கு 18 அங்குலம். இந்த நெரிசலில் தரையைச் சுத்தம் செய்யும் முறையும் மருத்துவம்தான்.

கடல்நீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவினால் வாந்தியும் மலமும் உடனே போய்விடும். ஆனால் உப்பு பலகையில் தங்கி, காற்றின் ஈரத்தை மறுபடி இழுக்கும். தென்கடல் குளிரில் கீழ்த்தள வாயில்களின் மூடிகளை அடைத்துவிட்டால் தரை நாள்கணக்கில் காயாது, போர்வையும் நனையும்.

உலர்முறையில் முதலில் படுக்கைகளை மேல்தளத்துக்கு ஏற்ற வேண்டும். அழுக்கைச் சுரண்டி, மணல் தூவி, கல்லால் தேய்த்து, பெருக்க வேண்டும். கித்தான் குழாய் வழியே காற்றை இறக்கி, தொங்கும் அடுப்பால் மிச்ச ஈரத்தையும் போக்கலாம். உழைப்பு அதிகம், தூசியும் பறக்கும்; இருந்தாலும் கீழ்த்தளத்துக்கு இதுவே சரி. மேல்தளத்தைத் தாராளமாகக் கழுவலாம், வெயில் காயவைத்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது: டைபஸ் என்ற கொடிய தொற்றுக் காய்ச்சலைப் பரப்புவது உடைப் பேன். 1909-இல்தான் அதைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் நிக்கோல் நிறுவினார். துணியைத் துவைக்காமல் தரையை மட்டும் எப்படித் தேய்த்தும் அந்தக் காய்ச்சல் நிற்காது.