40 டென்சிட்டி ஃபோம் என்று சொன்னார்கள், 6,850 ரூபாய் போச்சு

பார்சல் வந்து நாலு நாள் ஆகிறது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த காலத்தில் செய்த தேக்கு நாற்காலி எங்கள் வீட்டில் இருக்கிறது. சட்டம் இன்றைக்கும் இரும்பு மாதிரி, மெத்தைதான் குழி விழுந்துவிட்டது. தெருமுனைக் குஷன் கடை பாய் கூலியோடு சேர்த்து 7,500 கேட்டார். நமக்குத்தான் நாலு வீடியோ பார்த்தால் எல்லாம் கைவந்துவிடுமே, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். பழைய ரெக்சினைக் கிழித்தால் உள்ளே சாக்கு, அதற்குக் கீழே தேங்காய் நார், அதற்கும் கீழே சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய ஸ்பிரிங். ஒவ்வொரு ஆணியாக நெம்பி எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு நாளும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஏமாந்தது அதற்கு அப்புறம்.

போனில் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்த விளம்பரம் அது. ஃபோம், சோபா துணி, எல்லாம் அளவுக்கு வெட்டி வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று ஒரு பக்கம். பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் என்ன, நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டேன். உடனே போன் வந்தது. "அண்ணா, நாற்காலி போட்டோ அனுப்புங்க" என்றான் அந்தப் பையன். அனுப்பினேன். "தாத்தா நாற்காலியா அண்ணா? அப்போ சீட்டுக்கு 40 டென்சிட்டிக்குக் கம்மியா போடாதீங்க, சாதாரண ஃபோம் ஆறு மாசத்துல அமுங்கிடும்" என்றான். விலை கூடுதலாக இருக்கிறதே என்றதற்கு வீடியோ காலில் ஒரு ஃபோமைக் கையால் அமுக்கிக் காட்டினான், அது பந்து மாதிரி எழும்பியது. அங்கேதான் விழுந்தேன். சீட்டுக்கு 40 டென்சிட்டி, அதாவது அந்த அடர்த்தியுள்ள ஃபோம், வேண்டும் என்று அவன் சொன்னது சரிதான், அதுதான் இன்னும் எரிகிறது. விஷயம் தெரிந்தவன் பேசுகிறான் என்று நம்பிவிட்டேன்.

சீட்டுக்கு 20க்கு 20 அங்குலம், நாலு அங்குலக் கனம். சாய்மானத்துக்கு மூன்று அங்குலம். 54 அங்குல அகலத்தில் மூன்று மீட்டர் ஸ்வேட் துணி, ஃபோமுக்கு அடியில் சட்டத்தில் இழுத்துக் கட்ட எலாஸ்டிக் பெல்ட் ஒரு சுருள். மொத்தம் 6,850. "வெட்டின மால் திரும்ப எடுக்க முடியாதுண்ணா, அதனால ஃபுல் பேமெண்ட்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. க்யூஆர் கோடு வந்தது, போட்டுவிட்டேன். பில் கேட்கவில்லை. ஆமாம், கேட்கவில்லை.

பார்சலைத் தூக்கியபோதே காற்றாக இருந்தது. சீட்டில் வைத்து அம்மாவை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவர் "ஏன்டா, சட்டம் இடிக்குதே, இதுக்குப் பழசே தேவலையே" என்றார். சந்தேகம் வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். 510 கிராம். டென்சிட்டி என்பது வேறொன்றுமில்லை, ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான். என் அளவுக்கு 40 டென்சிட்டி என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே வர வேண்டும். பாதிகூட இல்லை! இருபதுக்கும் கீழே. துணியை விரித்தால் அகலம் 48 அங்குலம், கைப்பிடிக்குத் துண்டு பற்றாது.

அப்புறம் ஆரம்பித்தது நாடகம். முதலில் "பேக்கிங்ல அமுங்கியிருக்கும்ணா, ரெண்டு நாள் வெயில்ல வைங்க, உப்பிடும்" என்றான். உப்பினால் எடை கூடுமா தம்பி என்று கேட்டேன், பதில் இல்லை. அடுத்த நாள் வேறு ஒரு குரல், "சார், வீட்டுத் தராசெல்லாம் கரெக்டா காட்டாது." பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை அதே தராசில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள், நீல டிக் இருக்கிறது. மூன்றாம் நாள் "ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கார்." இன்றைக்கு ரிங் போகிறது, எடுப்பதில்லை. ஆனால் ஸ்டேட்டஸில் மட்டும் அதே பந்து ஃபோம் வீடியோ காலையில் புதிதாக ஏறியிருக்கிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் வைத்தேன். பொறுமையாகத்தான் பேசினார்கள். கடை விலாசம், பில் இருக்கிறதா என்றார்கள். என்னிடம் இருப்பது ஒரு போன் நம்பரும் 6,850 ரூபாய் போன ஸ்கிரீன்ஷாட்டும்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது, எல்லாம் சரி, நோட்டீஸை எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

பழைய நாற்காலிக்குக் குஷன் மாற்றுவது எப்படி என்று விளக்கமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது மனசில்லை. அவசரத்துக்கு இது மட்டும். ஃபோமை நேரில் போய், எடை போட்டு வாங்குங்கள். நீளம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி பத்து லட்சத்தால் வகுத்து டென்சிட்டியால் பெருக்கினால் எத்தனை கிலோ வர வேண்டும் என்று தெரிந்துவிடும். துணிக்கு மீட்டரை மட்டும் கேட்காதீர்கள், அகலத்தையும் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் தராதவனுக்கு முன்பணம் போடாதீர்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை, அதையும் அவர்கள் சொல்லிக் காட்டிவிட்டார்கள்.

பழைய தேங்காய் நாரைத் தூக்கிப் போடாமல் சாக்கில் கட்டி வைத்திருந்தேன், நல்லவேளை. நாளைக் காலை பாயிடம்தான் போகிறேன். அவர் சிரிப்பார்.